அம்மாவின் குறிக்கோள் பட்டியலில் அம்மா எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தாய்மார்கள் தங்களுக்கென்று குறிக்கோள்கள் வைத்துக்கொள்வது பற்றி உங்கள் மகளிர் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையையும், அதற்கு வந்த வாசகியர் கடிதங்களையும் படித்தேன். பிள்ளைகளின் படிப்பு, கைப்பேசி நேரத்தைக் குறைப்பது, வீட்டுச் செலவில் மிச்சம் பிடிப்பது, நடைப்பயிற்சி என்று எல்லாமே நல்ல யோசனைகள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படித்து முடித்ததும் எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. அந்தப் பட்டியலில் இருந்த ஒவ்வொன்றும் வீட்டில் இருக்கும் இன்னொருவருக்காகத்தான். உடல் எடையைக் குறைக்கச் சொன்ன இடத்தில்கூட, ‘பிள்ளைகளுக்காக நீங்கள் ஆரோக்கியமாக இருக்க வேண்டும்’ என்றுதான் காரணம் போட்டிருந்தது. அந்தப் பெண் உள்ளுக்குள் எப்படிப்பட்டவளாக வளர ஆசைப்படுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. கடிதம் எழுதிய வாசகியரும் அதைத் தொடவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

நான் ஒரு கிறிஸ்தவப் பெண். பதினான்கு, ஒன்பது, மூன்று வயதில் மூன்று பிள்ளைகள். ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. எனக்குத் தெரிந்தது என் விசுவாசம்தான், அதை வைத்துத்தான் பேச முடியும். ஆனால் சொல்ல வருவது எல்லாத் தாய்மாருக்கும் பொதுவானது என்று நம்புகிறேன்.

பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. முடிவில் ஜெபக் குறிப்புகள் கேட்பார்கள். ஒருவர் மகனின் தேர்வு என்பார், இன்னொருவர் கணவரின் வேலை என்பார், அடுத்தவர் மாமியாரின் மூட்டு வலி, அதற்கடுத்தவர் மகளின் திருமணம். நோட்டில் எழுதிக்கொண்டே வரும் அக்கா ஒருமுறை பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “சரி, இதெல்லாம் எழுதிக்கிட்டேன். உங்களுக்காக என்ன ஜெபிக்கணும்?” என்று கேட்டார். அறையில் சத்தமே இல்லை. வயதில் மூத்த ஒரு தாயார் மட்டும் யோசித்துவிட்டு, “எனக்கென்னம்மா, பிள்ளைங்க நல்லா இருந்தா போதும்” என்றார். மற்றவர்கள் தலையை ஆட்டினோம். அந்தப் பதிலில் அன்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இத்தனை வருடம் ஆண்டவரைத் தேடுகிற ஒருவருக்கு, அவர் முன்னால் போய் நின்றால் தன்னைப் பற்றிக் கேட்க ஒன்றுமே இல்லாமல் போய்விட்டதே என்று என் மனம் சங்கடப்பட்டது.

வேதாகமம் தாய்மாரை அப்படிப் பார்க்கவில்லை. பிள்ளை வளர்ப்பு என்றால் எங்கள் சபைகளில் முதலில் எடுப்பது உபாகமம் 6ஆம் அதிகாரம். “நீ அவைகளை உன் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதித்து” என்ற வரியைப் பிடித்துக்கொண்டு பிரசங்கம் ஆரம்பமாகும். அதற்கு முந்தின வசனத்தை அவசரமாகத் தாண்டிவிடுகிறோம். “இந்த வார்த்தைகள் உன் இருதயத்தில் இருக்கக்கடவது” என்பது அங்கே முதலில் வருகிறது. முதலில் என் இருதயம், அப்புறம்தான் பிள்ளைகள். என்னிடம் இல்லாததை நான் யாருக்கு எடுத்துக் கொடுப்பது?

சாமுவேல் தீர்க்கதரிசியின் தாய் அன்னாளை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வரம் கேட்டு அழுத தாய் என்றே அவளைச் சொல்கிறோம். உதடு மட்டும் அசைய, சத்தம் வராமல் அவள் ஜெபித்ததைப் பார்த்து ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தது எல்லாருக்கும் தெரியும். அது வரும் 1 சாமுவேல் முதல் அதிகாரத்தில் 18ஆம் வசனம் சொல்வது வேறு: “அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை.” அப்போது சாமுவேல் பிறக்கவில்லை, கருவில்கூட இல்லை. கேட்டது கைக்கு வருவதற்கு முன்பே அவளுக்குள் ஏதோ மாறிவிட்டது. எனக்கு அந்த அதிகாரத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான். அப்போஸ்தலன் பவுலும் தன் சீடன் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, அவனுடைய பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் அவனை எப்படி வளர்த்தார்கள் என்று ஆரம்பிக்கவில்லை. மாயமற்ற விசுவாசம் முந்தி அவர்களுக்குள் நிலைத்திருந்தது என்று ஆரம்பிக்கிறார்.

இனி என் விஷயம். என்னிடம் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. அதில் பிள்ளைகளுக்குத் தனிப் பக்கங்கள் உண்டு, முதல் பக்கம் என்னுடையது. இந்த வருடம் அதில் நான் எழுதியிருப்பது கொஞ்சம்தான். புதிய ஏற்பாட்டை முழுதாக வாசிப்பது. என் மனதில் வெகுநாளாக இருக்கும் ஒரு கசப்பை விட்டுவிடுவது (யாரோடு என்பது எனக்கும் ஆண்டவருக்கும் தெரியும்). மூன்றாவது, வேதாகமத்தின் பாடல் தொகுப்பான சங்கீதத்தில் 141:3: “கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும், என் உதடுகளின் வாசலைக் காத்துக்கொள்ளும்.”

இந்த மூன்றாவதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஆவிக்குரிய குறிக்கோள் என்றால் எத்தனை அதிகாரம் வாசித்தோம், எத்தனை மணி நேரம் ஜெபித்தோம், எத்தனை நாள் உபவாசம் இருந்தோம் என்றுதான் நம் யோசனை ஓடுகிறது. எண்ண முடிகிறவற்றைக் குறிக்கோளாக வைப்பது சுலபம். ஆனால் என் வீட்டில் என் விசுவாசம் தெரிகிற இடம் வேதாகமம் இருக்கும் அலமாரி இல்லை. பள்ளிக்கூட நாளில் வேன் வருவதற்கு முந்தின பத்து நிமிடம்தான். ஒரு காலுறையைக் காணவில்லை, கையெழுத்துப் போட வேண்டிய தாள் அப்போதுதான் பையிலிருந்து வெளியே வருகிறது, சின்னவன் தண்ணீரைச் சட்டையில் கொட்டிக்கொள்கிறான். அந்தப் பத்து நிமிடத்தில் என் குரல் எப்படி இருக்கிறது என்பதைத்தான் பிள்ளைகள் ஞாபகத்தில் வைத்திருக்கப் போகிறார்கள்.

இதற்கு நான் செய்வது எளிமையான ஒன்று. பிள்ளைகள் தூங்கும் அறையின் கதவைத் திறக்கும் முன், கைப்பிடியில் கை வைத்தபடி அந்த வசனத்தை ஒரு தடவை சொல்கிறேன். வாய்க்குள்தான். அரை நிமிடம்கூட ஆகாது. வேதாகமத்தில் ராஜாவின் முன்னால் நின்ற நெகேமியாவும் அப்படித்தான் செய்தான். ராஜா கேள்வி கேட்கிறான், பதில் சொல்ல வேண்டும், அந்த இடைவெளியில் “பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி” என்று இருக்கிறது. முழங்கால் போட அங்கே ஏது நேரம்? கதவுக் கைப்பிடி என்று ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டதற்குக் காரணம், ‘நாள் முழுதும் பொறுமையாக இருப்பேன்’ என்ற தீர்மானம் எனக்குக் கைகொடுப்பதில்லை. அது மிகப் பெரியது, பிடி கிடைப்பதில்லை. தினமும் தொட்டே ஆக வேண்டிய ஒரு பொருளோடு ஜெபத்தைச் சேர்த்துவிட்டால், மறந்தாலும் கை ஞாபகப்படுத்துகிறது. எல்லாக் காலையும் அமைதியாகப் போகிறது என்று சொல்லவில்லை. ஆனால் குரல் ஏற ஆரம்பிக்கும்போது எனக்கே அது காதில் விழுகிறது. முன்பு விழாது.

புதிய ஏற்பாடு வாசிப்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். எங்கள் வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். தினமும் மூன்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முழு வேதாகமமும் முடியும் என்று எங்களுக்குச் சிறு வயதிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். கைக்குழந்தை இல்லாதவர்களுக்கும் பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்களுக்கும் அது அருமையான ஏற்பாடு. சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் போதும், இருபத்துச் சொச்சம் அதிகாரம் பாக்கி விழும். அந்தப் பாக்கியைப் பார்த்துத்தான் பலர் மொத்தமாக நிறுத்திவிடுகிறார்கள். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் சரியாக 52 வாரம். மீதி இரண்டு நாள் விட்டுப்போனதைப் பிடிக்க, அல்லது சும்மா ஒரு சங்கீதத்தோடு உட்கார. இது எனக்குப் பொருந்துகிறது. கைப்பேசியில் வாசிப்பதை மட்டும் விட்டுவிட்டேன். வசனத்துக்கு மேலே செய்தி வந்து விழுகிறது, கண் அங்கே போகிறது, அப்புறம் பள்ளிக்கூடக் குழுவில் வந்ததற்கு பதில் போட்டுக்கொண்டு இருப்பேன். அச்சுப் புத்தகத்தில் அந்தத் தொல்லை கிடையாது.

அதிகாலை பற்றியும் சொல்லியாக வேண்டும். தாய்மாருக்கான கூட்டங்களில் தவறாமல் கேட்கும் அறிவுரை, “நாலு மணிக்கு எழுந்து ஜெபியுங்கள்.” இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓர் இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்ற மாற்கு 1:35ஐக் காட்டுவார்கள். எனக்கும் அந்த வசனம் விருப்பமானதுதான். பிள்ளைகள் விழிக்கும் முன் கிடைக்கும் அந்த நேரத்துக்கு ஈடு இல்லை என்பதும் தெரியும். ஆனால் இரவில் மூன்று முறை எழுந்து பால் கொடுத்த பெண்ணைப் பார்த்து இதைச் சொல்லும்போது, அவள் தோளில் இன்னொரு மூட்டையை ஏற்றுகிறோம். அவள் எழுந்துவிட்டுத் தூங்கி விழுவாள், அல்லது எழ முடியாமல் நாள் முழுதும் குற்ற மனதோடு திரிவாள்.

அப்படிப்பட்ட பெண்களுக்கு வேறு வசனங்கள் இருக்கின்றன. மேய்ப்பனைப் பற்றிச் சொல்லும் ஏசாயா 40:11, “கறவலாடுகளை மெதுவாய் நடத்துவார்” என்று முடிகிறது. பால் கொடுக்கும் ஆடுகளை மற்ற ஆடுகளின் வேகத்துக்கு அவர் விரட்டுவதில்லை. தீர்க்கதரிசி எலியா சோர்ந்துபோய், “போதும் கர்த்தாவே” என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தூதன் வந்து முதலில் செய்தது என்ன? ஜெபிக்கச் சொல்லவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். தூதன் திட்டாமல் இரண்டாம் முறையும் வந்து சாப்பிடத்தான் சொன்னான். ஓரேப் மலையில் நடந்தது எல்லாம் அதற்குப் பிறகுதான். என் கடைசிப் பிள்ளை கைக்குழந்தையாக இருந்த மாதங்களில் தொட்டில் கம்பியில் ஒரு வசன அட்டையை மாட்டி வைத்திருந்தேன். வாரத்துக்கு ஒரு வசனம், பால் கொடுக்கும்போதெல்லாம் அதே வசனம். அந்தக் காலத்தில் என் வேதவாசிப்பு அவ்வளவுதான். அந்த வசனங்கள்தான் இன்றைக்கும் பிசகாமல் என் மனதில் நிற்கின்றன.

சூசன்னா வெஸ்லியைப் பற்றிப் பல பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். 1669இல் இங்கிலாந்தில் பிறந்தவர், மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பித்த ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி சகோதரர்களின் தாய். பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைக் குழந்தையிலேயே பறிகொடுத்தவர். சமையல் ஏப்ரனைத் தலையில் போட்டுக்கொண்டு சமையலறையில் ஜெபிப்பார், அப்போது பிள்ளைகள் தொந்தரவு செய்யமாட்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அவர் 1712இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கும் விவரம். ஒவ்வொரு நாள் மாலையும் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசுவாராம். திங்கள் ஒரு மகள், செவ்வாய் இன்னொரு மகள், வியாழக்கிழமை ஜானுக்கு, சனிக்கிழமை சார்லஸுக்கு. ஜான் பெரியவனாகி வெளியூரில் இருந்தபோது, அந்த வியாழக்கிழமை மாலையில் கொஞ்சத்தைத் தனக்குத் திரும்பவும் கொடுக்கும்படி தாய்க்கு எழுதிக் கேட்டார். கூட்டத்தில் சொல்லாத இன்னொன்றும் உண்டு. சூசன்னா தன் சொந்தத் தியானங்களையும் எழுதி வைத்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க எழுதியவை தனி. தன் மனதை ஆராய்ந்து, தனக்கும் தேவனுக்கும் இடையே எழுதிக்கொண்டவை தனி. அவை இன்றும் இருக்கின்றன.

அந்த மாலை வழக்கத்தை நான் என் வீட்டில் எடுத்துக்கொண்டேன். மூன்று பேர்தானே, கஷ்டமில்லை. செவ்வாய் மாலை மகளுடையது. ஒரு செவ்வாய்க்கிழமை தலைமுடியைப் பின்னிக்கொண்டிருந்தபோது, “அம்மா, கடவுள் பேசுனா எந்த மாதிரி குரல்ல பேசுவாரு?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு இரண்டு பேரும் 1 இராஜாக்கள் 19ஐ எடுத்து வாசித்தோம். பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, அதற்குப் பின் “அமர்ந்த மெல்லிய சத்தம்”. அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். “அப்ப அவரு கத்தமாட்டாரு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், உடனே ரிப்பனை நீட்டினாள். அன்று இரவு அந்த இடத்தை நான் தனியாகத் திரும்பவும் வாசித்தேன். அது அவளுக்கான பாடமாக எனக்குத் தெரியவில்லை. என் முதல் பக்கத்தில் நான் எழுதியிருந்த வசனத்துக்கு வந்த பதிலாகத்தான் தெரிந்தது. எனக்கென்று ஒரு ஜெபம் இல்லாமல் இருந்திருந்தால் அதைக் கவனித்திருப்பேனா?

பெரியவன் விஷயம் வேறு. பதினான்கு வயதில் குடும்ப ஜெபம் பிள்ளைகளுக்குப் பாரமாகத்தான் இருக்கும், அதைப் புரிந்துகொள்ள வேண்டும். கட்டாயப்படுத்துவதா விட்டுவிடுவதா என்று நானும் கணவரும் நிறையப் பேசினோம். கடைசியில் சங்கீதம் தேர்ந்தெடுத்து வாசிக்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்தோம். எதை வாசிப்பது என்பது அவன் இஷ்டம். அவன் பார்த்துப் பார்த்து 117ஐக் கண்டுபிடித்தான். இரண்டே வசனம், வேதாகமத்திலேயே மிகச் சின்ன அதிகாரம். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவன் முறை வரும்போதெல்லாம் அதேதான். “அவர் நம்மேல் வைத்த கிருபை பெரியது” என்ற வரி இப்போது மூன்று வயதுச் சின்னவனுக்கும் மனப்பாடம், அண்ணன் ஆரம்பித்தால் இவன் முடிக்கிறான். தம்பிக்கு ஒரு சங்கீதத்தைக் கற்றுக்கொடுத்தது அண்ணன்தான். அதை அவனிடமே சொன்னேன், அவனுக்கும் சந்தோஷம்.

மோனிக்காவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பிற்காலத்தில் பெரிய கிறிஸ்தவச் சிந்தனையாளராகிய மகன் அகஸ்டினுக்காகப் பல வருடம் கண்ணீரோடு ஜெபித்த தாய் என்று எல்லாருக்கும் அவரைத் தெரியும். 386இல் மகன் மனம் திரும்பினார், 387இல் மிலானில் ஞானஸ்நானம் பெற்றார், அதே வருடம் ஒஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கா இறந்தார். நாம் அந்தக் கண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறோம். அகஸ்டின் தன் தாயைப் பற்றி எழுதியதில் வேறொரு சின்னச் சம்பவமும் வருகிறது. ஆப்பிரிக்காவில் இருந்தபோது விசுவாசத்துக்காக உயிர்விட்ட இரத்தசாட்சிகளின் கல்லறைகளுக்கு அப்பமும் திராட்சரசமும் கொண்டுபோய் வைப்பது மோனிக்காவின் வழக்கம். மிலானிலும் அப்படிக் கொண்டுபோனார். வாசற்காவலன் தடுத்தான், ஆயர் அம்புரோஸ் அந்த வழக்கத்தை நிறுத்தியிருக்கிறார் என்றான். மோனிக்கா வாதாடவில்லை, மனம் கோணவில்லை. அன்றோடு விட்டுவிட்டார். மகனே ஆச்சரியப்பட்டு எழுதுகிறார். அப்போது மோனிக்காவுக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருந்தது. பேரப்பிள்ளையும் இருந்தான். அந்த வயதிலும் தன் பக்திப் பழக்கத்தைத் திருத்திக்கொள்ள இடம் கொடுத்த பெண் அவர். மகனுக்காக அழுததைப் போலவே தானும் வளர்ந்துகொண்டிருந்தார்.

‘இப்படித் தனக்கென்று நேரம், தனக்கென்று குறிக்கோள் என்று பேசுவது சுயநலம் இல்லையா?’ என்று என்னிடமே சில சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள். மார்த்தாளிடம் இயேசு, “நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய். தேவையானது ஒன்றே” என்றார். அவள் செய்துகொண்டிருந்தது சுயநலமான வேலை இல்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கு உழைத்துக்கொண்டிருந்தாள். அப்படியிருந்தும் அவர் பாதத்தருகே உட்கார்ந்த அவள் சகோதரி மரியாளை எழுப்பி அடுப்படிக்கு அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை. மார்த்தாளையும் அவர் குறைத்துப் பேசவில்லை என்பது என் எண்ணம். பேரை இரண்டு தடவை சொல்லிக் கூப்பிட்டதிலேயே பரிவு இருக்கிறது. உழைக்கும் பெண்ணும் உட்காரலாம் என்று அவளிடமே சொல்கிறார்.

என் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் ஓர் இஸ்லாமியச் சகோதரி இருக்கிறார். தொழுகை நேரம் வந்தால், கணக்கு முடிக்கும் நாளாக இருந்தாலும், மேலாளரிடம் சொல்லிவிட்டு எழுந்து போவார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடருவார். யாரும் அவரைச் சுயநலக்காரி என்று சொல்வதில்லை, மதிக்கிறார்கள். கிறிஸ்தவப் பெண்களாகிய நாங்கள் எங்கள் ஜெப நேரத்தை மற்ற எல்லா வேலையும் முடிந்தபின் மிஞ்சினால் பார்க்கலாம் என்று தள்ளிவைக்கிறோம். வேலை முடிவதே இல்லை. தானியேல் தினம் மூன்று வேளை ஜெபித்தவன், பல அதிகாரிகளுக்கு மேலே இருந்த பொறுப்புள்ளவன். அவனுக்கும் மிஞ்சிய நேரம் என்று ஒன்று இருந்திருக்காது.

கடைசியாகச் சிலரிடம் நேரடியாகக் கேட்கிறேன். உங்கள் பத்திரிகையைப் படிக்கும் தகப்பன்மார்களே, உங்கள் மனைவி வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும்போது பிள்ளை அழுதால் நீங்கள் எழுந்து போங்கள். தினமும் அரை மணி நேரம், அதைக் குறித்துக்கொடுங்கள். “ஏதாவது வேணும்னா கூப்பிடு” என்பது உதவி ஆகாது, கூப்பிடும் வேலையும் அவள் தலையில்தான் விழுகிறது. என் கணவர் இரவுச் சாப்பாடு முடிந்ததும் சின்னவனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறார். திரும்பி வரும்வரை யாரும் என்னைக் கூப்பிடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அந்த நேரத்தில்தான் அந்த ஒரு அதிகாரம் வாசிக்கிறேன். சில நாள் வாசித்துவிட்டுச் சும்மா இருப்பேன். அதையும் ஜெபம் என்றே எண்ணுகிறேன்.

சபை போதகர்களிடமும் மூப்பர்களிடமும் இரண்டு கோரிக்கை. ஒன்று, பெண்கள் கூட்டங்களை வாரநாளில் காலை பத்து மணிக்கு மட்டும் வைக்காதீர்கள். வேலைக்குப் போகும் பெண்கள் வரவே முடிவதில்லை. வாரக்கடைசியில் மாலையில் மாதம் ஒன்றாவது வையுங்கள், அந்த நேரத்தில் பிள்ளைகளை ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது ஞாயிறு ஆராதனை. குழந்தை சிணுங்கியதும் திரும்பிப் பார்க்கிறார்கள். தாய் எழுந்து பின்னறைக்குப் போகிறாள், பிரசங்கம் முடியும்வரை அங்கேயே நிற்கிறாள். அடுத்த வாரமும் அப்படித்தான். மூன்று பிள்ளை பெற்றவள் என்றால் அவள் ஒரு பிரசங்கத்தை முழுதாகக் கேட்டே வருடக்கணக்கில் ஆகியிருக்கும். குழந்தைகளைக் கொண்டுவந்தவர்களை அதட்டிய சீஷர்கள்மேல் இயேசு கோபப்பட்டார் என்று மாற்கு 10:14 சொல்கிறது. “சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்” என்றார். ஆகவே திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டு, பிள்ளை வளர்த்து முடித்த பெரியவர்களும் கல்யாணமாகாத இளைஞர்களும் வாரம் இருவராக முறை போட்டுப் பின்னறையில் குழந்தைகளோடு இருக்கலாம். அந்த முறைப் பட்டியலில் ஆண்களின் பெயரும் இருக்க வேண்டும். முதல் வாரத்துக்குப் போதகரே ஆளைத் தேடிக் கேட்டுப் போடட்டும். தாய்மார்களிடம் அந்த வேலையையும் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி